வல்லாரைச் சாறும் நாலரை மணி நேரமும்

பெரியப்பாவுக்கு வாய் கோணியது காலை 5.40க்கு. பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்து மூன்று வருடம் ஃபிட்டராக இருந்தவர் அவர். பால்காரர் வருவது முதல் பக்கத்து வீட்டில் சண்டை மூள்வது வரை அந்த வீட்டில் எல்லாமே நிமிடக் கணக்கில்தான் நடக்கும். அன்று பெரியம்மா காப்பி டம்ளரை நீட்டியிருக்கிறார். வாங்கப் போன வலது கை பாதியில் தொய்ந்தது. டம்ளர் தரையில் உருண்டது. "என்னங்க, என்ன பண்ணுது?" என்று கேட்டதற்கு வந்த சத்தம் பேச்சாக இல்லை.

6.10க்கு எதிர்வீட்டு ஆத்தா வந்து பார்த்துவிட்டு, "வாதம் அடிச்சிருக்கு" என்றார். தப்பில்லை, சரியாகத்தான் சொன்னார். 6.30க்கு, முந்தின நாள் பொன்மலைச் சந்தையில் வாங்கிய வல்லாரைக் கட்டைப் பிரித்து, அம்மியில் நசுக்கிச் சாறு பிழிந்து, தேன் குழைத்து அவர் வாயில் ஊற்றினார்கள். பாதி கன்னத்தில் வழிந்தது. மீதிப் பாதி எங்கே போனது என்பது பிறகுதான் தெரிந்தது. 8 மணிக்குத் தைலம் வந்தது. 9 மணிக்குப் புறா ரத்தம் எங்கே கிடைக்கும் என்று ஒருவர் விசாரிக்கப் போனார். ஆட்டோவில் ஏற்றும்போது 10.50. ஸ்கேன் எடுத்து முடிக்கையில் 11.40. சரியாக ஆறு மணி நேரம்.

"நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ஊசி போட்டிருக்கலாம்" என்றார் டாக்டர். கோபித்துக்கூடக் கொள்ளவில்லை. தினமும் யாரிடமாவது சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல்.

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. எனக்கு வல்லாரை மேல் கோபம் கிடையாது. அந்தச் சாற்றை ஊற்றியவர்கள் மேலும் கிடையாது. மூளைக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் இந்தக் கீரை காப்பாற்றும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பத்திரிகைகளின் இணைப்பிதழ்களில் வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் வாரம் தவறாமல் வருகிறது. அதில் ஒரு பாதி உண்மையும் இருக்கிறது. முழுப் பொய்யென்றால் சுலபமாகத் தள்ளிவிடலாம். பாதி உண்மையைத்தான் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூளை நம் உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று எதுவும் வைத்துக்கொள்வதில்லை. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 மில்லி ரத்தம் வர வேண்டும். அது 20க்குக் கீழே இறங்கினால் நரம்பு செல்கள் வேலையை நிறுத்திவிடுகின்றன. 10க்குக் கீழே போனால் சாகத் தொடங்குகின்றன.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. திருச்சிக்காரர்களுக்கு இதை விளக்க உய்யகொண்டான் வாய்க்கால் போதும். ஒரு கிளை வாய்க்காலில் குப்பை அடைத்துக்கொண்டால், அதை மட்டுமே நம்பியிருக்கும் வயல் உடனே காய்ந்துபோகும். சுற்றியுள்ள வயல்கள் அப்படியில்லை. பக்கத்து மடையிலிருந்து கொஞ்சம் கசிவு வரும். பயிர் வாடித் தலைசாயும், ஆனால் சாகாது. குப்பையை எடுத்துவிட்டால் நிமிர்ந்துகொள்ளும். எடுக்கவில்லையென்றால் மணிக்கு மணி ஒவ்வொரு வரப்பாகக் காய்ந்துகொண்டே போகும். மூளையில் இந்த வாடிய வயலை மருத்துவர்கள் அரைநிழல் என்கிறார்கள். கிரகணத்தின்போது சொல்வார்களே, அதே சொல். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் ஒரு கணக்குப் போட்டார்: பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், சிகிச்சை இல்லாத ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நியூரான்கள் போகின்றன. இதை எங்கள் பெரியப்பாவின் ஆறு மணி நேரத்தோடு பெருக்கிப் பார்த்தேன். 68 கோடி.

வயலைக் காப்பாற்ற இரண்டு வழி உண்டு. ஒன்று, வாய்க்காலைத் திறப்பது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் ஊசி அதைத்தான் செய்கிறது. 1995இல் மூன்று மணி நேரம் என்றிருந்த அதன் கெடு, 2008இல் நாலரை மணி நேரமானது. கட்டியைக் குழாய் விட்டு வெளியே இழுக்கும் முறை 2015க்குப் பிறகு நிலைபெற்றது. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம். இன்னொரு வழி, தண்ணீர் வந்துசேரும் வரை பயிர் தாக்குப்பிடிக்கும்படி செய்வது. ரத்தம் நின்ற இடத்தில் குளூட்டமேட் என்ற ரசாயனம் கட்டுக்கடங்காமல் கொட்டுகிறது, செல்களுக்குள் கால்சியம் புகுகிறது, ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் துடுக்கு மூலக்கூறுகள் கண்டதையும் அரிக்கின்றன. ரத்தம் திரும்பி வந்தாலும் தொல்லை தீர்வதில்லை. மடை உடைத்து வரும் வெள்ளம் வாடிய பயிரையே சாய்ப்பதுபோல, திரும்பிய ரத்தமும் கொஞ்சம் சேதம் செய்கிறது. இந்த அரிப்பைத் தடுக்கும் ஆற்றல் தாவரச் சாரங்களுக்குச் சோதனைக் குழாயில் நிறையவே இருக்கிறது. வல்லாரையின் ஏசியாட்டிக் அமிலம், மஞ்சளின் குர்குமின், நீர்ப்பிரமியின் பாகோசைடு என்று பட்டியல் நீளும். நான் சொன்ன பாதி உண்மை இதுதான்.

மறுபாதியை ஓர் ஆய்வகத்தில் பார்த்தேன். ஆராய்ச்சி மாணவி ஒருவர் எலி மூளையின் வில்லைகளைத் தட்டில் வரிசையாக வைத்துக் காட்டினார். நைலான் இழையை எலியின் கழுத்துத் தமனி வழியே செலுத்தி, மூளைக்குப் போகும் குழாயை அடைக்கிறார்கள். பிறகு மூளையை மெல்லிய வில்லைகளாக அறுத்து ஒரு சாயத்தில் ஊறவைக்கிறார்கள். உயிருள்ள பகுதி பீட்ரூட் கீற்றுபோல சிவக்கிறது. செத்த பகுதி தேங்காய்ப் பத்தைபோல வெளுத்தே கிடக்கிறது. சாரம் கொடுத்த எலியில் வெள்ளை குறைவு, கொடுக்காத எலியில் வெள்ளை அதிகம். கண்கூடான வித்தியாசம். பார்த்தவுடன் எனக்கே கை பரபரத்தது, இதை எழுதிவிடலாமா என்று.

"சாரம் எப்போ குடுத்தீங்கம்மா?" என்று கேட்டேன்.

"அடைக்கறதுக்கு முன்னாடி 14 நாள், தினமும்."

விஷயம் அங்கேதான் இடறுகிறது. பக்கவாதம் வரப்போகும் தேதியை 14 நாள் முன்னதாக அறிந்தவர் யாருமில்லை. எலிகளோ இளம் வயது, ஆரோக்கியம், ஒரே தீனி, ஒரே கூண்டு. பெரியப்பாவுக்கு வயது 67, இருபது வருடச் சர்க்கரை, மாத்திரையை மறந்து மறந்து போட்ட ரத்தக்கொதிப்பு. எலிக்கு எடைக்கு எடை கொடுத்த அளவை மனிதருக்குப் பெருக்கினால் கீரையைக் கட்டுக் கட்டாக அல்ல, கூடை கூடையாகத் தின்ன வேண்டியிருக்கும்.

அந்த மாணவியைக் குறை சொல்லவில்லை. உலகமே இங்கே தடுக்கி விழுந்திருக்கிறது. பக்கவாதத்தில் மூளையைக் காக்கும் என்று ஆய்வகங்கள் முயன்று பார்த்தவற்றை 2006இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எண்ணினார்கள். 1,026. மனிதர்கள் வரை வந்தவை 114. அவற்றில் எலியின் மூளையைக் காத்ததுபோல மனித மூளையைக் காத்து மருத்துவமனையில் நிலைத்த மருந்து ஒன்றுகூட இல்லை. என்எக்ஸ்ஒய்-059 என்று பெரிய நிறுவனம் ஒன்று ஒரு மருந்தைக் கொண்டுவந்தது. 2006இல் வெளியான முதல் பெரிய சோதனையில் பலன் தெரிந்தது; கைதட்டினார்கள். 3,000க்கும் மேற்பட்டவர்களிடம் மறுபடி சோதித்தார்கள். 2007இல் முடிவு வந்தது: பலனில்லை.

மஞ்சளின் கதை இன்னும் வேடிக்கை. மஞ்சள் தூளில் குர்குமின் இருப்பதே சுமார் 3 சதவீதம். அதிலும் பெரும்பகுதி ரத்தத்துக்கு வராமலே வெளியேறிவிடுகிறது. மிளகின் பைப்பரினோடு சேர்த்தால் ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடுகிறது என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 1998இல் காட்டினார்கள். அந்த 20 மடங்கை மேற்கோள் காட்டாத மஞ்சள் கட்டுரை கிடையாது. கிட்டத்தட்ட ஒன்றுமில்லாததன் 20 மடங்கு எவ்வளவு என்று யாரும் எழுதுவதில்லை. ரசத்துக்கு மஞ்சளும் மிளகும் போதும், மூளைக்குப் போதாது.

வல்லாரைக்காவது மனிதச் சோதனை ஒன்று உண்டு. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில், பக்கவாதத்துக்குப் பிறகு நினைவாற்றல் மங்கிய 48 பேரிடம் வல்லாரைச் சாரத்தையும் ஃபோலிக் அமிலத்தையும் ஆறு வாரம் ஒப்பிட்டுப் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் இரண்டும் ஏறத்தாழ சமம். சற்று நேரம் கழித்து நினைவுகூரும் திறனில் மட்டும் வல்லாரை கொஞ்சம் முந்தியது. 48 பேர் என்பது பொன்மலையிலிருந்து ஜங்ஷன் போகும் ஒரு டவுன் பஸ்ஸின் கூட்டம். இதை நம்பி மருந்து எழுத முடியாது. ஆனால், மேலே தொடர்ந்து பார் என்று இது சொல்கிறது. தொடர்ந்து பார்த்திருக்க வேண்டிய நாடு எது?

நாம் பார்க்கவில்லை. சீனா பார்த்தது. செலரி விதையிலிருந்து கண்டெடுத்த பியூட்டைல்ஃப்தாலைடு என்ற மூலக்கூறை ஆலையில் செயற்கையாகத் தயாரித்து, 2002இல் அங்கே பக்கவாத மருந்தாக அனுமதித்தார்கள். அதோடு நிற்கவில்லை. 59 மையங்களில் 1,216 பேரிடம், பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் போலியுமாகக் கொடுத்து, எது யாருக்கு என்று மருத்துவருக்கும் தெரியாமல் மறைத்துச் சோதித்து, 2023இல் வெளியிட்டார்கள். 90 நாள் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் மருந்து பெற்றோரில் 56.7 சதவீதம், போலி பெற்றோரில் 44 சதவீதம். இதில் பலரும் தாண்டிப் போகும் ஒரு வரி உண்டு. அந்த 1,216 பேருமே ஆறு மணி நேரத்துக்குள் வந்து, கட்டியைக் கரைக்கும் ஊசியோ அதை வெளியே எடுக்கும் சிகிச்சையோ பெற்றவர்கள். வாய்க்காலைத் திறந்த வயலில்தான் செலரியின் சாரம் வேலை செய்தது. ஃப்ரைடு ரைஸில் தூவும் செலரித் தழை இதில் சேர்த்தியில்லை.

இன்னொன்று நம் மூக்குக்கே பழக்கமானது. ஸ்ரீரங்கத்தில் உடையவர் திருமேனிக்குக் குங்குமப்பூவோடு சாற்றுகிறார்களே, பச்சைக் கற்பூரம். மரபில் அது போர்னியோ, சுமத்ரா காடுகளில் வளரும் ஒரு மரத்தின் உள்ளே உறையும் படிகம். அதன் சாரத்துக்கு போர்னியால் என்று பெயர். அந்தக் கற்பூரத்துக்குப் பேர்போன சுமத்ராவின் பாரூஸ் கரையில் தமிழ் வணிகர்களான திசையாயிரத்து ஐந்நூற்றுவர் 1088இல் ஒரு தமிழ்க் கல்வெட்டையே வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அவ்வளவு பழைய சரக்கு நமக்கு. இதே போர்னியாலின் ஒரு வடிவத்தை ஜப்பானிய மருந்தான எடரவோனோடு சேர்த்து, சீனர்கள் 1,165 பேரிடம் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். எடரவோன் மட்டும் பெற்றவர்களில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் 58.97 சதவீதம். போர்னியாலும் சேர்த்துப் பெற்றவர்களில் 67.18. இரு குழுவுக்கும் இடையே வித்தியாசம், கற்பூரச் சாரம் மட்டும்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் கற்பூரத்தை வாயில் போட்டுக்கொள்ள வேண்டாம். தீபாராதனைக்கு ஏற்றும் சூடம் வேறு பொருள். விழுங்கினால் வலிப்பு வரும், குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அந்தச் சீனச் சோதனைகளையும் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. இரண்டுமே ஒரே நாட்டில் நடந்தவை. வெளியே வேறொருவர் செய்து பார்த்து அதே முடிவு வர வேண்டும். 2006இன் கைதட்டல் 2007இல் அடங்கியதைப் பார்த்தோமே. ஆனால் சீனர்களிடம் கற்க வேண்டியது வேறு. மூளை ரத்தக்கசிவுக்கு அங்கே புழங்கும் ஒரு மூலிகைக் கலவையை 1,648 பேரிடம் சோதித்து, பலனில்லை என்ற முடிவை 2024இல் லான்செட் இதழில் அவர்களே வெளியிட்டார்கள். தன் நாட்டு மருந்து தோற்றதைத் தானே அச்சில் ஏற்றுவதற்கு ஒரு முதுகெலும்பு வேண்டும். நம்மூரில் ஒரு சூரணத்தைப் பற்றி அப்படி வெளியிட்டால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நமக்கு அந்த முதுகெலும்பு இல்லாமல் இல்லை. சர்ப்பகந்தா வேர் ரத்தக்கொதிப்பைக் குறைக்கிறது என்று 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் நோயாளிகளிடம் அளந்து பார்த்து 1949இல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தது. பிறகு நடந்ததுதான் முக்கியம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் எட்வர்டு ஃப்ரைஸ் என்ற மருத்துவர், ரெசர்பினையும் வேறு இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்து, போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தார். 1970இல் வெளியான முடிவில் 380 பேர். போலி மாத்திரை போட்டவர்களில் 20 பேருக்குப் பக்கவாதம். மருந்து போட்டவர்களில் 5 பேருக்கு. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை போட்டால் பக்கவாதம் தடுக்கப்படும் என்று இன்று உலகமே சொல்வதன் அஸ்திவாரக் கற்களில் இது ஒன்று. அந்தக் கூட்டில் நம் மண்ணின் வேர் இருந்தது. ரெசர்பின் மனச்சோர்வு தருகிறது என்று பின்னாளில் ஒதுக்கப்பட்டு, அதைவிட நல்ல மாத்திரைகள் வந்தன. அதனாலென்ன? மூளையைக் காத்த தாவரம் எது என்று கேட்டால், சான்றோடு நான் சொல்லக்கூடிய பெயர் வல்லாரை அல்ல, சர்ப்பகந்தாதான்.

ஃப்ரைஸுக்கு அது எப்படி முடிந்தது? முன்னாள் வீரர்கள் அதே மருத்துவமனைக்கு வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தார்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்பது ஏட்டில் இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது பொன்மலை ரயில்வே மருத்துவமனையின் வெளிநோயாளிகள் வரிசை. நாகப்பட்டினத்திலிருந்து 1920களில் பணிமனை இங்கே வந்ததிலிருந்து தலைமுறை தலைமுறையாக ரயில்வேக் குடும்பங்கள். ஓய்வுபெற்றவருக்கும் மனைவிக்கும் ஆயுள் முழுக்க ரயில்வே மருத்துவம். கையில் நோட்டு, மாதாமாதம் ரத்தக்கொதிப்பு அளவு, அதே ஊர், அதே வீடு. பெரும்பாலும் பெயர்ந்து போவதில்லை. ஓர் ஆய்வாளர் கனவு காணும் கூட்டம் ஆர்மரி கேட்டுக்குப் பக்கத்திலேயே வரிசையில் நிற்கிறது.

மற்றவையும் இதே ஊரில் இருக்கின்றன. தூய வளனார் கல்லூரியில் பாதிரியார் மேத்யூ 1967இல் தொடங்கிய ரேபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. கையிலிருப்பது எந்தச் செடி என்று உறுதியாகச் சொல்லும் இடம் அது. இது சின்ன விஷயமல்ல. கேரளத்தில் பிரம்மி என்றால் நீர்ப்பிரமி, வடக்கே சில ஊர்களில் வல்லாரையையே பிராமி என்று விற்கிறார்கள். பெயரை நம்பி ஆய்வு செய்தால் எந்தச் செடியைச் சோதித்தோம் என்பதே குழம்பிப்போகும். சாரத்தை அளந்து, ஒவ்வொரு மாத்திரையிலும் ஒரே அளவு இருக்கும்படி செய்ய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் ஆய்வகங்கள் இருக்கின்றன. கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியும் புத்தூரில் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. ரயில்வேயும் மாநில அரசும் கையெழுத்துப் போட்டால், பக்கவாதம் வந்து பிழைத்த ஓய்வூதியர் ஐந்நூறு பேருக்கு, வழக்கமான மாத்திரைகளோடு கூடுதலாக வல்லாரைச் சாரமோ போலியோ இரண்டு வருடம் கொடுத்து நினைவாற்றலை அளக்கலாம். 2009 முதல் நாட்டில் மருந்துச் சோதனை எதையும் தொடங்கும் முன்பே அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்ற விதி இருக்கிறது. அப்படிப் பதிந்துவிட்டால், முடிவு கசந்தாலும் ஒளிக்க முடியாது.

நூறாவது முறையாக ஒரு மூலிகையில் ஃபீனால் இருக்கிறதா, சபோனின் இருக்கிறதா என்று பார்த்து ஒரு முனைவர் பட்டம் கொடுப்பதைவிட, இந்த ஒரு வேலைக்குப் பணம் ஒதுக்கலாம். பெரியப்பாவின் பணிமனை நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜின் செய்த இடம். எவ்வளவு நன்றாக வார்த்த பாய்லராக இருந்தாலும் அழுத்தச் சோதனை முடியாமல் ஒருவரும் வண்டியில் ஏற்றச் சம்மதிக்க மாட்டார்கள். பாய்லரை அவமதிப்பதாக அங்கே யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பெரியப்பா பிழைத்தார். அன்று வாயில் ஊற்றிய சாற்றில் பாதி நுரையீரலுக்குப் போயிருந்தது. விழுங்கும் தசை செயலிழந்தவருக்கு எதை ஊற்றினாலும் அங்கேதான் போகும். நிமோனியா, 12 நாள் ஐ.சி.யூ. அதன் பிறகு ஏழு வருடம் இருந்தார். வலது கை எழவில்லை, பேச்சில் நாலைந்து சொல்தான் மிஞ்சியது. எச்எம்டி கடிகாரத்தை அந்த வலது மணிக்கட்டிலேயே கட்டிவிடச் சொல்லி, தினமும் காலையில் இடது கையால் சாவி கொடுப்பார்.

வாய் ஒருபக்கம் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108ஐ அழையுங்கள். அடைப்பா, கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் எந்த வைத்தியருக்கும் தெரியாது. ஆகவே சாறு, கஷாயம், ஆஸ்பிரின், தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். மருத்துவமனையில் முதலில் கேட்பது அதைத்தான்.